நுகாதா மிச்சம் வைத்த கிண்ணம்

மசுயோவுக்கு அழுக்கு ஆகாது. சனுகி துறைமுகத்தில் அவள் நடத்தும் நூடுல்ஸ் கடையில், சாப்பிட்டவர் எழுந்ததும் அந்த இடத்தைத் துடைத்துவிடுவாள். அடுத்தவர் உட்காருமுன் இன்னொரு தரம் துடைப்பாள். புருஷன் ஒசாக்காவில் வேறொருத்தியோடு குடித்தனம் போன அன்றுகூடக் கடையைக் கழுவித்தான் பூட்டினாள்.

அப்பேர்ப்பட்டவள் அலமாரியில் ஒரு எச்சில் கிண்ணம்.

நுகாதா ஒரு காலத்தில் ஊர்க் கால்பந்து அணிக்குக் கோல் கோலாக அடித்துத் தள்ளியவன். இப்போது அதற்கே பயிற்சியாளர். மசுயோவும் அந்நாளில் தொண்டை கிழிய அவன் பெயரைக் கத்தியவள்தான். ஒரு மதியம் கடைக்கு வந்தவன் நூடுல்ஸில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு ஆட்டத்துக்கு ஓடினான். அவள் கிண்ணத்தை எடுக்கப்போக, ரசிகர் கூட்டத் தலைவன் செரிசாவா குறுக்கே விழுந்தான். முடிவெட்டுகிறவன்.

"அக்கா, கழுவாதீங்க. ஆட்டம் முடியட்டும்."

தோற்றே பழகிய அணி அன்று ஜெயித்தது. மறுநாள் செரிசாவா இனிப்புப் பெட்டியோடு வந்து இடுப்பு வளையக் குனிந்தான்.

"தோக்குற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்க்கா. நீங்க கழுவி நாங்க தோத்தா, ஊரு உங்களைச் சும்மா விடாது."

ஜெயிக்கிற வரிசை அறுந்துவிடும் என்று தாடி மழிக்காமல் திரிகிற ஊர். அவள் கிண்ணத்தை அலமாரியில் ஏற்றினாள்.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. மழைக்காலம் வந்தது. குழம்பின்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்தது, அப்புறம் பச்சை. தட்டால் மூடியும் நாற்றம் அடங்கவில்லை. ரசிகர்கள் அதன் முன்னால், கோயிலில் செய்வதுபோல், இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். தினமும் வருகிற படகுக்காரர்கள் நின்றுபோனார்கள்.

"மீன் குடலே தேவலை தாயே" என்று கடைசியாய்ப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

கழுவச்சொல்லி நுகாதா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தாள். வந்தான், தொலைக்காட்சிக்காரர்களோடு. செரிசாவா தட்டைத் தூக்கினான். நுகாதா கிண்ணத்துக்குக் கைகூப்பி நெடுநேரம் குனிந்து நின்றான்.

"எல்லா வெற்றியும் உங்களோடது" என்றான் ரசிகர்கள் பக்கம் திரும்பி.

கூட்டம் அழுதது. குனிந்திருந்த நேரமெல்லாம் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற மசுயோவுக்கு மட்டும் தெரிந்தது.

கிண்ணத்தை எடுத்துப்போய்க் கொட்டினாள்.

"அய்யோ அக்கா! நாளைக்கு ஆட்டம்!"

"போடா அந்தப் பக்கம்."

தேய்த்தாள், கொதிநீர் ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள். நுகாதாவை உட்காரவைத்து, அதிலேயே புது நூடுல்ஸ் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"கும்பிட்ட கிண்ணம்தானே. சுத்தமாக் கழுவியாச்சு. சாப்பிடுங்க கோச்."

அவன் கேமராவைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். குச்சிகளை எடுத்து, திரும்ப வைத்தான்.

"இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்மா."

கேமராக்காரன் விளக்கை அணைத்தான். நுகாதா வாசல் தாண்டுமுன்பே மசுயோ துணியை நனைத்துப் பிழிந்து, அவன் உட்கார்ந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். இரண்டு தரம் போதவில்லை.