தம்பி கொடுத்த ரத்தம்

ஜோகுபாளையத்தில் நான் கட்டாத மாடிகளை எண்ணுவதுதான் சுலபம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும், தம்பிக்குக் குளோசபின் மாத்திரை எழுதிய டாக்டர் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றபோது, "வெள்ளை அணு குறையுதான்னு பாக்கறீங்க. நாங்க கான்கிரீட்டு பலம் பாக்க க்யூப் டெஸ்ட் எடுக்கற மாதிரி" என்று விளக்கினேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அசந்துவிட்டார்.

தம்பி பல வருடமாகக் காதில் குரல் கேட்டு, சுவரோடு சண்டை போட்டவன். தொண்ணூறுகளின் கடைசியில் கிடைத்த இந்த மாத்திரையில்தான் குரல்கள் அடங்கின. வாயில் எச்சில் ஒழுகும், தூக்கம் அமுக்கும். ஆனால் தானாக எழுந்து ஷேவ் பண்ணிக்கொண்டான்.

கை மடிப்பில் பஞ்சோடு வாராவாரம் பஸ் இறங்கினால் தெருவில் கேட்பார்களே? "ரத்த தானம்" என்றேன். யோசனை என்னுடையது. வாராவாரம் ஒருத்தன் தானம் செய்ய முடியுமா என்று படித்தவர்கள்கூடக் கேட்கவில்லை.

தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. "திருடன் மாதிரி போய்வர்றதுன்னா மாத்திரையே வேணாண்ணா" என்றான். மாத்திரை நின்றால் மறுபடி சுவர்தான். எனக்குத் தெரியும். இருந்தாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது.

தெருச் சங்கத் தலைவர் வந்து, கன்னட ராஜ்யோத்சவ விழாவில், இத்தனை ரத்த தானம் செய்யும் தம்பிக்கு "சன்மான" செய்யப்போவதாகக் கன்னடத்தில் சொன்னார். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. சன்மானம் என்றால் காசுதானே என்று ஒப்புக்கொண்டேன். அவர்கள் பாஷையில் அது சால்வை, மைசூர்ப் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை, பழக்கூடை, கூடவே மேடை. வாக்கு மாறுகிற ஆள் இல்லை நான்.

பேட்டா தம்பி தலையில் ஏறியது. மைக்கும் கைக்கு வந்தது.

"ரத்தம் குடுக்கறது நெஜந்தாங்க" என்றான். "எனக்கேதான் குடுத்துக்கறேன். எனக்கு மனசு வியாதி. தலைக்குள்ள ஆளுங்க பேசுவாங்க. மாத்திரை போட்டா பேச மாட்டாங்க. அதுக்குத்தான் டெஸ்ட்டு."

பழக்கூடைக்காரர் கொடுக்கலாமா என்று தலைவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா ஆவுதில்ல? கூடையக் குடுப்பா, கை வலிக்கப்போவுது" என்றார் முன்வரிசைப் பூக்காரம்மா. கூடை கைமாறியது.

பேட்டா வாடகையாம், திருப்பிக் கேட்டார்கள். தம்பி தரவில்லை. "செவ்வாக்கெழம டெஸ்ட்டு இருக்குது. போட்டுகினு போய்ட்டு வந்து தரேன்."

அப்படியே போனான். எங்கே என்று கேட்ட கண்டக்டருக்கு பஸ் முழுக்கக் கேட்கப் பதில் சொன்னான். மாத்திரை வேண்டாம் என்ற பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

நான் மேடை ஏற்றாவிட்டால் இது நடந்திருக்குமா? டாக்டரிடமும் இதை எடுத்துச் சொன்னேன். அப்போதும் அவர் அடுத்த டோக்கனைத்தான் கூப்பிட்டார்.