தூரத்து வரிசை முதலில்

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, கை வேகமாகிவிடும். திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் ஊறுகாய்க் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் நான் பாட்டில் அடுக்கியதில் பாதி கோபத்தில் அடுக்கியதுதான். மூடி போட்டு வரும் கண்ணாடி பாட்டிலை எடுத்து, விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் கிரேட் பெட்டியில் வைக்க வேண்டும். வரிசைக்கு ஆறு, நாலு வரிசை. நாங்கள் எட்டுப் பெண்கள். ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டே அடுக்குவோம், ஒரு பாட்டில் சாயாது.

அந்த ஒற்றை இரும்புக் கை வந்து இறங்கியது ஒரு திங்கட்கிழமை. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு, விரல் மட்டும் இரண்டே இரண்டு. கூடவே ஒயரில் தொங்கும் ஒரு தொடுதிரைப் பலகை. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: இனி இந்த இடத்தில் ஒரே ஆள், ரோபோ ஆப்பரேட்டர், நிரந்தர வேலை. மற்றவர்கள் லேபிள் பிரிவுக்கு. "டிப்ளமோ படிச்ச ஒருத்தர மெட்ராஸ்ல பாத்து வச்சிருக்கோம்."

எனக்குச் சுரீரென்றது. "நாங்க அடுக்குறத அது கத்துக்கணும்னா எங்களத்தானே சார் கேக்கணும்? டிப்ளமோ என்னைக்கி பாட்டில் அடுக்குச்சு?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என் யூனிபார்ம் கோட்டைப் பிடித்து இழுத்தாள். மேனேஜர் கெட்டவர் இல்லை, சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். வரிசையா நாலு கிரேட், ஒரு பாட்டில் சாயக்கூடாது, நீங்க அடுக்குற வேகத்துல இருக்கணும். செஞ்சு காட்டினா வேலை உங்களுக்கு. இல்லன்னா அவர் வந்துடுவார்." பத்தாவதோடு நின்றவள் நான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மெஷினை நிறுவ வந்த இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். முதல் நாளே என்னை அக்கா ஆக்கிக்கொண்டார். பலகையில் கலர் கலராகக் கட்டங்கள். எடு, நகரு, வை, திரும்பச் செய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். விரலால் இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டினால் அதுதான் புரோகிராம். இடத்தைச் சொல்லிக்கொடுப்பது அதைவிட லேசு. ஒரு பட்டனை அழுத்தியதும் அந்தக் கை துவண்டு கொடுக்கும். பிடித்து எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் நினைவில் வைத்துக்கொள்ளும். முதல்முறை பிடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. "இன்னாடி, புதுமாப்பிள்ள கையப் புடிச்சிக்கினா மாதிரி நிக்கிற!" என்று ஒருத்தி கத்த, ஏழு பேரும் சிரித்தார்கள்.

நாங்கள் எப்படி அடுக்குவோமோ அப்படியே சொல்லிக்கொடுத்தேன். உடம்புக்குப் பக்கத்து வரிசை முதலில், அப்புறம் அடுத்தது, தூரத்து வரிசை கடைசியில். முதல் இரண்டு வரிசையைப் பூப்போல வைத்தது. மூன்றாவதுக்கு நீட்டியபோது மணிக்கட்டு தாழ்ந்து, முதல் வரிசை மூடிகளைத் தட்டியது. மூன்று பாட்டில் தரையில். மாங்காயும் எண்ணெயுமாக ஓடியது. அது 'பீப்' என்று கத்திவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நின்றுகொண்டது.

எங்களுக்கு முழங்கை தன்னால் உயரும், அதற்கு உயராது. இன்ஜினியர் நடுவில் நாலைந்து நிறுத்தங்கள் சேர்த்து, கையை உயரத் தூக்கிப் போகச் செய்தார். பாட்டில் விழவில்லை, ஆனால் நாங்கள் மூன்று கிரேட் முடிக்கிற நேரத்தில் அது ஒன்றுதான் முடித்தது. நிறுத்தத்தைக் குறைத்தால் திரும்பவும் தட்டியது. புதன் போனது. வியாழன் மத்தியானமும் போனது. "ஒழுங்கா கேளேன்!" என்று அந்தக் கையை ஒரு அடி அடித்தேன். எனக்குத்தான் வலித்தது. பன்னிரண்டு வருஷ வேலையை ஒரு இரும்புக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அன்று விழுந்தவற்றை நானும் இன்ஜினியருமாகத் துடைத்தோம். அவர் துணியைத் தள்ளிக்கொண்டு முன்னால் முன்னால் போனார். துடைத்த இடமெல்லாம் அவருடைய எண்ணெய்க் கால்தடம். வந்ததே எனக்குக் கோபம்.

"தொடச்ச எடத்துலயே கால வச்சிக்கினு போறியே தம்பி! பின்னால வா! நடவு நட்டதே இல்லியா நீ?"

சொன்ன வாய் அப்படியே நின்றது.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அடுத்தவர் கழனிகளில் கல்யாணம் ஆகும்வரை நாற்று நட்டவள் நான். அந்த வேலையின்மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. இடுப்பு ஒடியும், நகக்கண் அழுகும். ஆனால் ஒன்று தெரியும்: பின்னால் நகர்ந்துகொண்டேதான் நட வேண்டும். முன்னால் போனால் நட்டதையே மிதிப்போம்.

கையைத் துடைத்துக்கொண்டு பலகையை எடுத்தேன். பதிந்திருந்த இடங்களை அழித்தேன். அந்தக் கையைப் பிடித்துக் கிரேட்டின் தூரத்து மூலைக்குக் கொண்டுபோய், இதுதான் முதல் இடம் என்று பதிந்தேன். அங்கிருந்து ஒவ்வொரு வரிசையாகத் தன் பக்கம் திரும்பி வரவேண்டும். வைத்ததைத் தாண்டிப் போகவே வேண்டாம், நடுவில் நிறுத்தமும் வேண்டாம். இன்ஜினியர் துணியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடவிட்டேன். இருபத்துநாலும் நின்றன.

"யக்கா!" என்றார் அவர்.

மறுநாள் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முதல் கிரேட், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் கடைசி பாட்டிலை வைத்துவிட்டு அந்தக் கை விலகியபோது ஒரு மூடிகூட அசையவில்லை. எங்கள் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஏழு பேரும் கைதட்ட, ஒருத்தி விரலை மடித்து விசில் அடித்தாள். "அந்த டிப்ளமோக்காரருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார் மேனேஜர். என் சந்தோஷத்தை மறைக்க நான் கொஞ்சமும் முயலவில்லை. புரோகிராமுக்குப் பெயர் கேட்ட திரையில் 'நடவு' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தேன். அடுத்த மெஷின் வந்தால் அந்த ஏழு பேரில் ஒருத்திக்குத்தான் என்று மேனேஜரிடம் அங்கேயே வாக்கும் வாங்கிக்கொண்டேன். வந்தது. விசில் அடித்தவள் இன்று அதில் இருக்கிறாள்.

போன மாசம் விழுப்புரம் கிளையில் புதுசாக வந்த மெஷின் பாட்டிலைத் தட்டுகிறது என்று கம்பெனி வேனில் என்னை அனுப்பினார்கள். அங்கே இருந்த சூப்பர்வைசர் என் அட்டையில் ரோபோ ஆப்பரேட்டர் என்று இருந்ததைப் படித்துவிட்டு, மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம் எந்த காலேஜ்?"

"திருவெண்ணெய்நல்லூருங்க. முட்டிக்கால் சேத்துல நின்னுக்கினு படிச்சது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்க எனக்கு நேரமில்லை. பட்டனை அழுத்தி, அந்தக் கையைப் பிடித்துத் தூரத்து மூலைக்குக் கூட்டிப்போனேன்.