துவக்கில்லாத ரீவி கேம்கள்

பழைய ரீவி கேம் திருத்துகிற தொழிலில், ரீவி கேமைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருத்தித் தரச்சொல்லிக் கேட்பார்கள். நான் மன்னார் தோட்டவெளியில் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு இந்த வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இரண்டு வயது மகள் மேசைக்குக் கீழே இருந்து ஸ்குரூ பொறுக்குவாள். கேம் கசெற்றை ஊதி ஊதி விளையாடின ஆக்களும், ஊதினதைத் துடைத்துத் திருத்தின என்னைப் போன்ற பாவிகளும் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள்.

ஊதுறது

எங்கள் பக்கம் காற்றிலேயே உப்பு. போதாததுக்கு வாய் ஈரமும் சேர்ந்தால் கசெற்றின் செம்புப் பல்லெல்லாம் பச்சை பிடித்துவிடும். நரைத்த தாடியோடு ஒரு அண்ணை வந்தார். பெட்டியில் "9999 விளையாட்டுகள்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். உள்ளே இருப்பது ஏழுதான். மிச்சம் முழுக்க அதே ஏழு, பேரை மாற்றி. துடைத்துப் போட்டுக் காட்டி, "இனி ஊதாதேங்கோ அண்ணை" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஊதாமல் வேலை செய்தால் அது என்ர ரீவி கேம் இல்லை பிள்ளை, நீ மாத்திப்போட்டாய்!"

பாலத்தடி

பழசு சேர்க்கிற ஆக்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். என்னிடம் வாங்கும்போது அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "துவக்கு இருக்கோ?" அந்தக் காலத்து ரீவி கேம் செற்றோடு ஒரு பிளாஸ்ரிக் துவக்கும் வரும். ரீவியில் வாத்து பறக்க, இங்கேயிருந்து சுட வேண்டும். உள்ளே குண்டு ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கண் இருக்கிறது, அது ரீவி வெளிச்சத்தைப் பார்க்கும். அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருசத்தில் மன்னாரில் ஒரு செற்றும் துவக்கோடு என் மேசைக்கு வந்ததில்லை.

முதலில் எனக்கு விளங்கவில்லை. எருக்கலம்பிட்டி நானா ஒருவர் செற் கொண்டு வந்தபோது கேட்டேன். புத்தளத்தில் அகதியாய் இருந்த காலம் அவருடைய வாப்பா வாங்கிக் கொடுத்ததாம். ஊர் பார்க்க வந்த நேரம், சின்னப் பெடியனாய் இருந்த நானா அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மன்னார்ப் பாலத்தில் ஆமி செக்கிங் என்று தெரிந்ததும் வாப்பா பஸ் யன்னலால் துவக்கைக் கடலுக்குள் எறிந்துவிட்டார். நானா அழுத அழுகைக்கு முழுப் பஸ்ஸும் திரும்பிப் பார்த்ததாம்.

"மீனுகளிட்டக் கேட்டுப் பாருங்க தங்கச்சி, இப்ப அதுகள்தான் சுட்டு விளையாடுது."

பெட்டியில் ஓட்டை

இன்னொருத்தி, என்னோடு படித்தவள், பெட்டியோடு செற் கொண்டு வந்தாள். பெட்டி மூடியில் வழமையான விளம்பரப் படம்: கறுத்த தலைமயிர்ப் பெடியன் ஒருவன் ரீவிக்கு முன்னால் நின்று, அரைவாசி திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். கையில் துவக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. வீடு வீடாய்ச் சோதனை நடந்த காலம், அவளுடைய அம்மா துவக்கை அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, பிறகு படமும் ஞாபகம் வந்து பிளேட்டால் வெட்டியிருக்கிறா. நாங்கள் இரண்டு பேரும் ஓட்டையால் விரலை விட்டு ஆட்டிச் சிரித்தோம்.

"பதட்டத்தில அம்மா அந்தப் பெடியன்ர கையையும் சேர்த்தெல்லோ வெட்டிப்போட்டா!"

ஓட்டை இல்லாத பெட்டி

போன மாரிக்கு முன்னம் பேசாலையில் இருந்து ஒரு பிள்ளை, பள்ளிக்கூடம் முடித்த வயது, பழைய சாமான்களோடு ஒரு செற்றையும் கொண்டு வந்து தந்தாள். வீடு ஒதுக்குகிறார்களாம். பெட்டி புத்தம் புதுசு மாதிரி. படத்தில் பெடியனும் இருக்கிறான், துவக்கும் இருக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல்லு. அன்றைக்கே படம் எடுத்து, கனடாவில் பழசு சேர்க்கிற ஒரு அண்ணைக்கு அனுப்பி, அடுத்த கிழமை பெட்டியோடு செற்றையும் ஏற்றிவிட்டேன்.

துவக்கு எங்கே என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கத்தான் செய்தேன். அவள் சொன்னதைக் கேட்டு, மாமா வெளிநாடு போயிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை.

"துவக்கு மாமாவோட போயிட்டுது அக்கா."

பெட்டியைத் தா

பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளையின் தாய் ஜெசிந்தா அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினா. உள்ளே வரவுமில்லை, இருக்கவுமில்லை. "பெட்டி எங்க?" என்றா. கதிரையைத் துடைத்துப் போட்டு, தண்ணி கொடுத்த பிறகுதான் சொன்னா.

அக்காவின் தம்பி அன்ரனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆமி சுற்றிவளைப்பில் அலுமாரியைக் கிண்டினபோது உடுப்புக்குக் கீழே பிளாஸ்ரிக் துவக்கு. "விளையாட்டுச் சாமான் ஐயா" என்று தாய் காலில் விழுந்தும், துவக்கையும் கொண்டுபோய் அவனையும் கொண்டுபோனார்கள். இரண்டும் திரும்பவில்லை. அவர்கள் கொடுத்த கடதாசியில் மட்டும் "துவக்கோடு பிடிபட்டவர்" என்று எழுதியிருக்கிறது. அது கடையில் விற்ற சாமான் என்று காட்ட அக்காவிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டிப் படம். இத்தனை வருசமும் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தது. காணாமல் போன ஆக்களுக்கான விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதம் வர, எட்டிப் பார்த்தால் இடம் வெறிச்சு.

அக்காவை இருத்திவிட்டுக் கனடா அண்ணைக்குக் கோல் எடுத்தேன். நல்ல மனுசன். பெட்டியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். விசயத்தைச் சொன்னதும் கழற்றி அனுப்பச் சம்மதித்தார். ஆனால் விசாரணை நாலு நாளில். அதற்குள் வராது. இப்போதைக்குச் சட்டத்தோடு போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். வைக்க முன்னம் ஒரு கதை சொன்னார், அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று போனைக் காதோடு அமத்திப் பிடித்தேன்.

"எனக்கெண்டால் தங்கச்சி, இந்தப் பெட்டியைப் பாத்தால் சின்ன வயசுச் சந்தோசமெல்லாம் திரும்பி வந்திடும்."

சாட்சி

ரவுணில் கலர் பிறிண்ட் அடித்தோம். கண்ணாடி வெளிச்சம் விழுந்து ரீவியும் வாத்தும் மறைந்துபோய், பெடியனும் துவக்கும்தான் துலக்கமாய் வந்தது. நானும் ஒரு கடிதம் எழுதினேன்: இதைத் திருத்துகிறவள் நான், இந்தத் துவக்கு ரீவி வெளிச்சத்தைப் பார்க்கத்தான் செய்யும், ஒரு எறும்பையும் சுடாது. கையெழுத்து வைக்க, அக்கா வாங்கி இரண்டு தரம் வாசித்தா.

நானும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடப் போனேன். எங்கள் முறை மத்தியானம் வந்தது. மேசைக்கு அங்கால் இருந்த ஐயா கடிதத்தை வாசிக்காமல் பைலுக்குள் வைத்தார். படத்தைத்தான் கனநேரம் பார்த்தார், பிறகு பேனையை எடுத்தார். அக்கா பிளாஸ்ரிக் என்று சொல்ல வாயெடுக்க, அவர் படத்தில் சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தார்.

"அம்மா, துவக்கோட நிக்கிற இந்தப் பெடியன்தானே உங்கட தம்பி?"

இப்போது ஆர் பழைய ரீவி கேம் கொண்டு வந்தாலும், வேலை செய்யுதோ, பெட்டி இருக்கோ என்றெல்லாம் நான் கேட்பதில்லை. துவக்கு ஆரோடு போனது என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்குரூவில் கை வைக்கிறேன்.