நூற்றைம்பது ரூபாய் அழைப்பு

விளி வந்தால் பைசா, வரவில்லையென்றால் இல்லை. போன் அழைப்பை எங்கள் பக்கத்தில் விளி என்பார்கள்; என் ஏற்பாட்டைத் தோழி அப்படித்தான் சுருக்கிப் புரிந்துகொண்டாள். நான் அவளுக்காகத் தட்டச்சு செய்து கொண்டுபோன நான்கு பக்க ஒப்பந்தத்தைவிட அது தெளிவாக இருந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் எனக்கு அலுவலகம். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இணையதளம் அமைத்து, விளம்பரம் போட்டு, ஆட்களை வரவழைத்துக் கொடுப்பது வேலை. இணையதளத்தையும் விளம்பரத்தையும் நான் பார்த்துக்கொள்வேன். பில் போடுவது, வாடிக்கையாளர்களோடு பேசுவது எல்லாம் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் வெப்சைட் என்றாலே பலருக்கும் கசப்பு. முன்பணம் வாங்கி, நான்கு படத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு போனை எடுக்காமல் போனவர்கள் நிறைய. அதனால் நான் வேறு வழியைப் பிடித்தேன். தளம் செய்து தர ஒரு ரூபாய்கூட வேண்டாம். விளம்பரச் செலவும் என்னுடையது. அதன் வழியாக வரும் புதிய விசாரணைகளுக்கு மட்டும், அழைப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும். நான் அவர்களைப் போன்றவள் இல்லை என்று எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன். அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வரும்.

தோழி என்று சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவள். கல்யாணம் ஆகி அருமனைக்குப் பக்கத்தில் போனாள். கணவர் வளைகுடாவில் கட்டட வேலை. வீட்டை ஒட்டிய முக்கால் ஏக்கரில் அவள் பழக்கன்றுகள் வளர்த்து விற்கிறாள். ரம்புட்டான், மங்குஸ்தான், ஒட்டுப்பலா. பச்சை வலைக்கு அடியில் கறுப்புப் பைகள் வரிசையாக நிற்கும். களியக்காவிளை தாண்டி கேரளத்திலிருந்தும் ஜீப்பில் வந்து ஏற்றிப்போவார்கள்.

"எனக்க பழைய ஆளுவ விளிச்சா?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"அதுக்குக் கிடையாது. புதுசா வாறவங்களுக்கு மட்டும்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

விளக்கினேன். தளத்தில் ஒரு தனி எண் கொடுப்பேன். அதை அழைத்தால் அவளுடைய போன்தான் அடிக்கும். ஆனால் நடுவில் என் கணினி அதை எண்ணிவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினால் நூற்றைம்பது ரூபாய். பேச்சு பதிவாகும் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொன்னேன். தலையாட்டினாள். அந்த மாதிரி வாக்கியத்தை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

"எனக்கொண்ணும் மனசிலாவல்ல ஏட்டி. நீ சொன்னா செரி" என்று கையெழுத்துப் போட்டாள்.

முதல் மாதம் பதினோரு அழைப்பு வந்தது. இரண்டாம் மாதம் பதினான்கு. அவளுக்குச் சந்தோஷம். அதில் ஒருவர் பாலராமபுரத்திலிருந்து வந்து இருநூறு கன்று ஒரே தடவையில் எடுத்துப் போனார். எனக்கோ விளம்பரத்துக்கே மாதம் ஐயாயிரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதமும் அவளிடம் பில் பணம் வாங்கிய பிறகும் கைநட்டம்தான். ஒப்பந்தத்தை மாற்றலாம் என்று நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் மறுத்திருக்கமாட்டாள். ஆனால் கணக்கை நான்தான் தப்பாகப் போட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாக வந்தவள் நான்.

இணைய வரைபடத்தில் அவளுடைய பண்ணைக்கு ஏற்கெனவே ஓர் இடக்குறி உண்டு. எண்ணைச் சேமித்து வைக்காத பழைய வாடிக்கையாளர்கள் பண்ணையின் பேரைத் தேடி, அங்கே இருக்கும் எண்ணைத்தான் அழுத்துவார்கள். அதை நிர்வகிக்கும் உரிமையையும் அவள் என்னிடம் கொடுத்திருந்தாள். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே, இடது கையால், அங்கிருந்த அவளுடைய சொந்த எண்ணை எடுத்துவிட்டு, அழைப்புகளைக் கணக்கெடுக்கும் என் எண்ணைப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. இரண்டு இடத்தில் இரண்டு எண் இருப்பது முறையல்ல என்று எனக்கு நானே ஒரு தொழில் காரணமும் சொல்லிக்கொண்டேன். சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் ஐம்பத்தெட்டு அழைப்புகள்.

பில் போன அன்றே பணம் வந்தது. அதோடு ஒரு பை நிறைய ரம்புட்டானும் கொடுத்தனுப்பியிருந்தாள். என்னோடு வேலை பார்க்கும் பெண் அதை உரித்துத் தின்றுகொண்டே, "அக்கா, விளம்பரம் இப்பந்தான் பிடிச்சிருக்கு போல" என்றாள். ஆமாம் என்றேன். அவளும் நம்பினாள்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. இடையில் களியக்காவிளையில் சிறு வியாபாரிகள் கூட்டம் ஒன்று நடந்தது. அறுபது பேர் இருக்கும். யாரோ இணையதளக்காரர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பேச, என் தோழி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் அப்படிப் பறயாதீங்க. எனக்க கூட்டுக்காரி ஒருத்தி செய்து தாறா. விளி வரலேன்னா ஒரு பைசா கேக்கமாட்டா" என்று சொல்லி, கடைசி வரிசையில் இருந்த என்னைக் கையால் காட்டினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைகூப்பினேன். அந்தக் கூட்டத்தின் மூலம் எனக்கு நான்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அதில் ஒருவர் மயிலாடியில் கல்பட்டறை வைத்திருப்பவர். அம்மியும் கல்விளக்கும் நிற்கும் பட்டறை வாசலில் அவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ள சொன்னா பிறகு நான் எதுக்கு யோசிக்கணும்?" எண்ணைப் பழைய நிலைக்கு மாற்றிவிடலாம் என்று அன்று மயிலாடியிலிருந்து திரும்பும் பேருந்தில் நினைத்தேன். மாற்றினால் அழைப்புகள் சட்டென்று பதினைந்துக்கு இறங்கும். ஏன் என்று அவள் கேட்பாள். அதனால் மாற்றவில்லை.

பிறகு ஒரு நாள், அவளுடைய கணவர் வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வாரம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். இடுப்பெலும்பு முறிவு. உடனே போனேன். வீட்டு வாசலில் கன்று எடுக்க வந்த இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டு மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். அழுது தீர்ந்த முகம்.

"உனக்குத்தான் ஏட்டி நன்றி சொல்லணும்" என்றாள்.

"எனக்கு எதுக்கு?"

"அவியளுக்க போனு விழுந்து பொடிஞ்சு போச்சு. எனக்க நம்பரு அதுலதான் உண்டு. கூட வேலை செய்யிற ஒரு பையன் நம்ம பண்ணை பேரைப் போட்டுத் தேடி, அதுல கிடந்த நம்பருல விளிச்சான். நீ அதெல்லாம் செரியா வச்சிருந்ததுனாலதான எனக்குச் சேதி வந்துது. இல்லேன்னா ஆரு எனக்குச் சொல்லுவா?"

என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை அவளுடைய கைக்குள் இருக்கும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் அழைத்தது என் எண்ணை.

அலுவலகத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். இருந்தது. ஐந்து நிமிடம் நாற்பது விநாடி. பக்கத்தில் 'தகுதியான அழைப்பு' என்று பச்சை அடையாளம். நூற்றைம்பது ரூபாய். அந்த மாதத்துப் பில்லில் சேர்ந்து, அவள் பணமும் கட்டியிருந்தாள். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூடத் தேதி தவறவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் பதிவைப் போட்டுக் கேட்டேன்.

"அக்கா, செடிப் பண்ணைங்களா?" என்று ஒரு குரல். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு.

"ஆமா, சொல்லுங்க. ரம்புட்டான் பாக்கவா? நல்ல கன்று நிக்குது." வியாபாரக் குரல், சிரிப்போடு.

"இல்லைங்க அக்கா. நான் அண்ணன்கூட வேலை பாக்குறவன்..."

அதற்கு மேல் நடந்ததை எழுதப்போவதில்லை. அவள் தன் கணவருக்காக மட்டும் வைத்திருந்த ஒரு குரலில் பேசினாள். அது எனக்கானது அல்ல. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் ஹெட்போனைக் கழற்றினேன்.

அடுத்த நான்கு நாளும் மற்றப் பதிவுகளின் முதல் சில விநாடிகளை மட்டும் கேட்டுப் பிரித்தேன். பழைய ஆட்களை உடனே தெரிந்துவிடும். "மோளே, நான்தான்" என்று தொடங்குவார்கள். போன வருடம் வாங்கிய கன்று பூத்ததைச் சொல்வார்கள். அந்தப் பையனுடைய அழைப்பையும் சேர்த்து, இருநூற்று எழுபத்தொன்றில் நூற்றுத் தொண்ணூற்றேழு கணக்கில் வரக்கூடாதவை. இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய். வரைபடத்தில் அவளுடைய எண்ணைத் திரும்பப் போட்டேன். பணத்தை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். பண்ணை வாசலில் அவளைப் பார்த்ததும் வாயில் வேறு வந்தது.

"ஆபீசுல நம்பரு மாத்தும்போ ஒரு தப்பு நடந்து போச்சு. பழைய ஆளுவளுக்க விளியும் கணக்குல சேர்ந்துட்டு. அந்தப் பைசாதான் இது."

உறையைப் பிரித்துப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டாள். "உனக்க ஆபீசுல இருக்கப்பட்ட அந்தப் பிள்ளையா மாத்துனா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவள ஏசாத. தப்பு ஆருக்கும் வரும்" என்றாள்.

பேருந்தில் எனக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. பணம் கொடுத்தாயிற்று, நட்பும் கெடவில்லை என்று. என் வாழ்க்கையில் வேறு எதை நினைத்தும் இந்த நிம்மதியை நினைத்து வெட்கப்படுகிற அளவுக்கு நான் வெட்கப்பட்டதில்லை.

பத்து நாள் கழித்து, மருந்து வாங்க மார்த்தாண்டம் வந்தவள் மாடியேறி அலுவலகத்துக்கு வந்தாள். நான் உள்ளறையில் இருந்தேன். முன்னறையில் அவள் பேசுவது கேட்டது.

"மக்கா, அந்த நம்பரு காரியத்துல நீ ஒண்ணும் வருத்தப்படாத. இவ உன்ன ஏசினாளா?"

"எந்த நம்பரு அக்கா?"

"பண்ணைக்க நம்பரு. நீ மாத்தும்போ தப்பாயிட்டுன்னு இவ சொன்னா."

நான் எழுந்து வந்தேன். என்னோடு வேலை பார்க்கிற பெண் என்னைத்தான் பார்த்தாள். கோபமாக இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். அவளுக்கு இரண்டரை வயதில் குழந்தை உண்டு. இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருந்தால் அவளே 'ஆமா அக்கா' என்று சொல்லி ஏற்றுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

"அவ மாத்தல. நான்தான் மாத்துனேன்" என்றேன். "தப்பும் நடக்கல. தெரிஞ்சுதான் செய்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விளம்பரத்தில் நட்டம் வந்தது, வரைபடத்தில் எண்ணை மாற்றியது, களியக்காவிளைக் கூட்டம். தோழி முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். மருந்துப் பையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ஒன்றைத்தான் கேட்டாள்.

"பழைய ஆளுன்னு நீ எப்படிப் பிரிச்ச?"

"பதிவு இருக்கு. கேட்டுப் பிரிச்சேன்."

"அவியளுக்கு அடிபட்ட அன்னைக்கு வந்த விளி?"

"அதுவும் இருந்துது."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"முழுசுமா?"

தலையசைத்தேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது.

"பைசா நீ தந்துட்ட. அது தீந்துது. நட்டம்னா எனக்கிட்ட சொல்லியிருந்தா நான் கூட்டித் தந்திருப்பேன், அது வேற. ஆனா அத நீ கேட்டிருக்கக் கூடாது" என்றாள். குரல் உயரவில்லை. கிளம்பும்போது என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம், "போயிட்டு வாறேன் மக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று மாலையே எல்லாப் பதிவுகளையும் அழித்தேன். வேறு வாடிக்கையாளர்களுக்கும் அழைப்புக்கு இவ்வளவு என்கிற ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, மாதச் சம்பளம்போல ஒரு தொகை என்று மாற்றினேன். களியக்காவிளைக் கூட்டத்தின் மூலம் வந்த நால்வரில் மயிலாடிக்காரரிடமும் இன்னொருவரிடமும், ஏன் மாற்றினேன் என்று உள்ளதைச் சொன்னேன். மயிலாடிக்காரர் விலகிக்கொண்டார். மற்ற இருவரிடம் கணக்கு வைக்கச் சுலபம் என்று மட்டும் சொன்னேன். அதை இன்னும் திருத்தவில்லை.

என்னோடு வேலை பார்த்த பெண் மறுநாளும் வழக்கம்போல வந்து பில் போட்டாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்ல அக்கா" என்றாள். மூன்று மாதத்தில் தக்கலையில் ஒரு துணிக்கடை அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே சம்பளம் கொஞ்சம் குறைவு என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

தோழியின் இணையதளம் இப்போதும் ஓடுகிறது. அதில் இருப்பது அவளுடைய சொந்த எண். கணவர் ஊருக்கு வந்து, கம்பு ஊன்றி நடக்கிறார். பண்ணையில் விற்பனையைப் பார்ப்பது அவர்தான். போன மாதம் என்னை அழைத்தார். மங்குஸ்தான் கன்று விலையைத் தளத்தில் மாற்ற வேண்டுமாம். மாற்றிவிட்டுச் சொன்னேன்.

"எவ்வளவு தரணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணா."

"வேலைன்னா கூலி வாங்கணும். சும்மா செய்யப்பிடாது" என்று சிரித்தார். பிறகு, "நீங்க இப்பம் இந்தப் பக்கம் வாறதே இல்லியே. அவ கிட்ட கேட்டா, உங்களுக்கு வேலை கூடுதல்னு சொல்லுதா" என்றார்.

அவள் அவரிடம் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆமா அண்ணா, கொஞ்சம் வேலை கூடுதல்தான்" என்றேன்.