எரியாத அடுப்புகள் நான்கு

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். முன்பக்கம் ஆறு, அவற்றின் முதுகோடு ஒட்டிப் பின்பக்கம் ஆறு. காம்பரா என்று நாங்கள் சொல்வது ஒரு குடும்பம் முழுவதும் இருந்து தூங்கி எழும்பும் ஒற்றை அறையை. உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. வாசலில் ஒருவர் காலை மடக்கிப் படுக்கக்கூடிய இஸ்தோப்புத் திண்ணை, அதன் மூலையில் அடுப்பு. எல்லாவற்றையும் நான் அளந்திருக்கிறேன். இரத்தோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கே ஏறும் படிகள் நூற்று நாற்பத்தொன்று. போன மாரியில் மண் சரிந்து மூன்று போய்விட்டதால் இப்போது நூற்று முப்பத்தெட்டு.

எண்ணுவது என் பழக்கம். முப்பத்திரண்டு வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவன். வரவு எடுக்கும்போது பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணுவேன், ஒருதரம் பெயரால், ஒருதரம் தலையால். ஆகவே லயத்தில் நான் எண்ணியதில் பிழை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இன்று வரைக்கும் யாரும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பெரிய பங்களா உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாகிச் சில வருடங்கள் இருக்கும். அதை நடத்தும் கம்பனிக்குப் பிறகு லயத்தின் மேலும் கண் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்து லயம், கூரைத் தகரத்தைத் தவிர ஒன்றும் மாறவில்லை, இதை இடிக்காமல் வைத்துப் பயணிகளுக்குக் காட்டலாம் என்று தீர்மானித்தார்கள். குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேட்டில் ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும். லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். மழைக்குப் பாத்திரம் வைத்து அலுத்துப் போனவர்கள். எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைப்பதற்கில்லை. சீகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் போகிறவர்கள் எங்கள் ஆட்கள் இருந்த இடத்தையும் ஒருநாள் பார்க்கட்டுமே என்று நினைத்தேன்.

கம்பனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி என் வீட்டுக்கு வந்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான், பண்டாரவளைப் பக்கம். படித்து மேலே வந்தவள். லயத்தைப் பற்றி எழுத்தில் ஒன்றுமே இல்லை, வீடு கொடுப்பதற்குக் குடும்பங்களை எண்ணி ஒரு பட்டியல் தர வேண்டும் என்றாள். பேச்சுவாக்கில், பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரை மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவுக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னேன். அங்கே நீர்த்தேக்கத்தில் மூழ்கப் பார்த்த பழைய கற்கோயிலைக் கல் கல்லாக நம்பர் போட்டுப் பிரித்தெடுத்து மேட்டில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

"அப்ப நீங்கதான் சேர் சரியான ஆளு. கல்லுக்கு நம்பர் போட்ட மாதிரி காம்பராவுக்கும் நம்பர் போட்டுத் தாங்க," என்று சிரித்தாள்.

படிவத்தில் நான்கு கட்டங்கள். காம்பரா இலக்கம், குடும்பத் தலைவர், அடுப்பு எரிகிறதா இல்லையா, குறிப்பு. அடுப்பு என்று போடச் சொன்னது தோட்டத்து வழக்கத்தைக் கேட்டுத்தான். எங்கள் ஆட்கள் குடும்பத்தைத் தலையால் எண்ணுவதில்லை, அடுப்பால் எண்ணுவார்கள். "அந்த லயத்தில எத்தன அடுப்பு?" என்றால் எத்தனை குடும்பம் என்று அர்த்தம். குறிப்பு எழுதுகிற கட்டம் என் பெருவிரல் அகலம்.

அந்த வாரம் என் தங்கச்சி என் வீட்டில் இருந்தாள். அவள் புருஷன், என் மச்சான், இறந்து ஒன்பதாம் நாள். எங்கள் குடும்ப வழக்கப்படி கருமாதி முடியும்வரை சாவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவுக்காரர் வீட்டில்தான் சோறு. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, எனக்கு மனைவி போய் ஐந்து வருடம், ஆகவே அந்தச் சோற்றை நான்தான் ஆக்கினேன். முப்பத்தொன்பது வருடமாக அவர்கள் இருந்தது அந்த லயத்தின் ஏழாம் காம்பராவில். நான் புறப்படும்போது சொன்னாள்:

"போறது போறீங்க, நம்ம காம்பராவயும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்கண்ணே. பூன உள்ள பூந்து குட்டி போட்டிருக்கும்."

போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. பூனை இல்லை. இஸ்தோப்பில் இருந்த அடுப்புச் சாம்பலில் விரலை வைத்தேன், குளிர்ந்து கிடந்தது. அடுத்த காம்பராக்காரி துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தாள்.

"என்னங்க மாஸ்டர், சாம்பலயுமா எண்ணுறீங்க?"

"எரியுதா இல்லையான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க."

"எங்களுது எரியுது, நல்லாப் பாத்துக்குங்க. அப்பறம் அவிஞ்சி போச்சுன்னு எழுதிடாதீங்க!"

எரியும் அடுப்புகள் எட்டு. எரியாதவை நான்கு. நான்கில் மூன்று உண்மையிலேயே காலி. ஒரு குடும்பம் மாத்தளை டவுனுக்கும் இரண்டு கொழும்புக்கும் போய் வருடங்களாகிவிட்டன. நான்காவது ஏழாம் காம்பரா. நான்குக்கும் நேராகக் குறிப்புக் கட்டத்தில் ஒரே வசனத்தை எழுதினேன்: "தற்சமயம் அடுப்பு எரியவில்லை." நான்கு தரமும் அழகான எழுத்து.

ஏழாவதற்கு மட்டும் இன்னொரு வரி எழுத வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கருமாதிகூட முடியாத ஒரு சாவைக் கம்பனிப் படிவத்தில் எழுதக் கை வரவில்லை. கட்டமும் சிறியது. என்னைக் கேட்காமலா முடிவெடுக்கப் போகிறார்கள், கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து தங்கச்சி திரும்பிப்போய்த் தன் அடுப்பை மூட்டினாள். எட்டு மாதம் சென்று தோட்டத்துக் கந்தோர் சுவரில் வீட்டுப் பட்டியல் ஒட்டினார்கள். அன்று மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எட்டுப் பேருதாண்ணே இருக்கு. மூணு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எம் பேரு வரல."

எட்டு என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. படிவத்தில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"புருசன் செத்துட்டான்னு எழுதியிருக்கலாமேண்ணே," என்றாள். "ரெண்டு சொல்லுதானே."

அதிகாரியிடம் போனேன். அவள் பட்டியலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். என் எழுத்து, என் கையெழுத்து.

"சேர், வீடு கெடைக்கும்னு தெரிஞ்சதும் அந்த மத்த மூணு காலிக் காம்பராவுலயும் ஆளுங்க வந்து அடுப்பு மூட்டி உக்காந்துட்டாங்க. இப்ப லிஸ்ட்டுக்குப் பொறகு எரியுற அடுப்பு எதையும் கணக்கில எடுக்க மாட்டோம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"இது அப்படி இல்லியே. சாவு வீடு. அடுப்பு மூட்டக்கூடாது. உனக்குத் தெரியாதாம்மா?"

"எனக்குத் தெரியும் சேர். எங்க அப்பா செத்தப்ப நாங்களும் மூட்டல. ஆனா கொழும்புல பேப்பரப் பாக்கிறவங்களுக்குத் தெரியாதே. நீங்க எழுதலியே."

ஏழு கடிதம் எழுதினேன். மரணச் சான்றிதழின் பிரதியை இணைத்தேன். மச்சான் இறந்ததை ஏற்றுக்கொள்வதாகவும், அது அவர் மனைவி அந்தக் காம்பராவில் வசித்ததற்கு ஆதாரமாகாது எனவும் பதில் வந்தது. வாக்காளர் இடாப்பை இணைத்தேன். கொழும்புக்குப் போனவர்களின் பெயர்களும் அதில் இன்னும் இருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். உண்மைதான், நானும் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பெயர். மற்ற ஐந்து கடிதங்களுக்குப் பதில் இல்லை.

மேட்டில் எட்டு வீடுகள் எழும்பின. என்னிடம் சாம்பலைப் பற்றிக் கேட்டவளுக்கு மூன்றாவது வீடு. தங்கச்சி நான்கு மூட்டையும் ஒரு தகரப் பெட்டியுமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இங்கே இரண்டு அறை, இடத்துக்குக் குறையில்லை. ஆனால் ஒரு கரண்டியை எடுப்பதற்கும் "எடுத்துக்கவாண்ணே?" என்று கேட்கிறாள். ஒருநாள் மட்டும் எண்ணினேன். பதினேழு தரம் கேட்டாள். அதன் பிறகு எண்ணவில்லை.

லயத்துக்கு வெள்ளை அடித்துத் திறந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த அதிகாரி வந்து தங்கச்சியிடம் ஒரு வேலை சொன்னாள். பரிதாபப்பட்டுத்தான் செய்தாள் என்று நம்புகிறேன். பயணிகள் பார்ப்பதற்கு ஒரு காம்பராவில் காலையிலிருந்து நாலு மணிவரை விறகடுப்பு எரிய வேண்டும், பக்கத்தில் ஒரு அம்மா இருக்க வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்தது ஏழாம் காம்பரா. முன்பக்கத்தில் ஆறும் ஒழுகுகின்றன, பின்பக்கத்தில் முதலாவதான ஏழுதான் உறுதியாக இருக்கிறதாம். வருடா வருடம் தகரத்துக்குத் தார் பூசி அதை உறுதியாக வைத்திருந்தது மச்சான்.

போகாதே என்றேன்.

"வீட்டுக்குப் போறதுக்கு என்னண்ணே?" என்றாள்.

ஆறரை பஸ்ஸில் போகிறாள், ஐந்து மணி பஸ்ஸில் வருகிறாள். நான் மூன்று மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. போன மாதம் ஒரு புதன்கிழமை போனேன். நூற்று முப்பத்தெட்டுப் படிகளில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வாசலில் பயணிகள் பதினொரு பேர், நடுவயதான ஒரு வழிகாட்டி. நான் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன்.

ஏழாம் காம்பராவுக்குள் ஒரு செம்புக் குடமும் அரிக்கன் லாம்பும் வைத்திருந்தார்கள். இரண்டும் அவளுடையவை அல்ல. அவள் தகரப் பெட்டி என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இஸ்தோப்பில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே ஒரு மண்சட்டி கொதித்தது. பக்கத்தில் தங்கச்சி, கம்பனி கொடுத்த சிவப்புச் சேலையில். மச்சான் போனதிலிருந்து அவள் சிவப்பு உடுத்தியதில்லை. வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கினார். பயணிகளில் ஒரு பெண் சட்டியைக் காட்டி, என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டாள். வெறும் தண்ணீர்தான், சோறு ஆக்கினால் எறும்பு வரும், சுவர் கறுத்துவிடும் என்று வழிகாட்டி சொன்னார். எல்லோரும் அடுப்பைப் படம் எடுத்தார்கள்.

அவர்கள் நகர்ந்த பிறகு நான் நின்றேன். தங்கச்சி தலை நிமிராமல் பேசினாள்.

"உள்ள பாத்தீங்களாண்ணே? ஆணியப் புடுங்கிட்டாங்க."

மச்சான் சட்டை மாட்டுகிற ஆணி. அது இருந்த இடத்தைப் பூசி வெள்ளை அடித்திருந்தார்கள். எந்த இடம் என்று எனக்குக்கூடத் தெரியவில்லை.

வெளியே போகும் வழியில் மேசை மேல் ஒரு பெரிய புத்தகம். பார்வையாளர்கள் எழுதுவதற்கு. பெயர், நாடு, குறிப்பு. இந்தக் குறிப்புக் கட்டம் நான்கு விரல் அகலம். நின்றுகொண்டே எழுதினேன்: "எண்ணிக்கை எடுத்த அன்று ஏழாம் காம்பராவில் அடுப்பு எரியாததற்குக் காரணம், குடும்பத் தலைவர் இறந்து ஒன்பதாம் நாள். அவர் மனைவி இதில் வசித்தவர். எழுதாமல் விட்டவன் நான்." பெயரும் போட்டேன், நாடும் போட்டேன். கட்டம் போதாமல் கடைசிச் சொற்கள் ஓரத்துக்குப் போய்விட்டன.

பின்னேரம் அவள் வந்து சேலை மாற்றிக்கொண்டு, என்னைக் கேட்டுவிட்டு அரிசி களைந்தாள். அந்தப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்ததைச் சொன்னேன். அதிகாரி வாசிப்பாள், யாராவது மேலே காட்டுவார்கள் என்றேன்.

"அத யாரும் வாசிக்கிறதில்லண்ணே," என்றாள். "முடிஞ்சதும் எனக்குத்தான் தருவாங்க. போன புத்தகத்தயும் நான்தான் கிழிச்சிக் கிழிச்சி அடுப்பு மூட்டினேன். நல்லாப் பத்தும்."

அந்தப் புத்தகத்தில் எழுதி முடித்தபோது பழக்க தோஷத்தில் மீதி வெற்றுத் தாள்களை எண்ணியிருந்தேன். இன்னும் இருபத்தாறு.