அத்தானின் இருபத்தைந்தாவது லெவல்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் இரண்டோடு நின்றுவிடுவேன். குடிக்க மாட்டார். குறட்டை விட மாட்டார். மீதி எல்லாம் வாய்தான்.

அத்தானுக்கு மெத்தைக் கடையில் விற்பனை வேலை. சட்டைப் பையில் குத்தியிருக்கும் அட்டையில் ‘மேலாளர்’ என்று போட்டிருக்கும். அதைக் கடை முதலாளி கொடுக்கவில்லை, இவரே அச்சடித்துக்கொண்டார். முதலாளி பார்த்தார், சிரித்தார், விட்டுவிட்டார். சம்பளம் கேட்காத பதவியால் அவருக்கு என்ன நஷ்டம்?

சாதாரண மெத்தையைத் தொட்டுப் பார்ப்பவர் பக்கத்தில் அத்தான் போய் நிற்பார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “உங்க முதுகு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?” என்பார். வந்தவருக்கு அந்த நிமிஷமே முதுகு வலிக்க ஆரம்பிக்கும். அப்படியே கடையிலிருக்கும் உசத்தி மெத்தைவரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அதோடு விட்டால் அவர் அத்தான் இல்லையே. “இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் காட்டுறதில்ல” என்று குரலைத் தாழ்த்துவார். அது வேறொன்றுமில்லை, அதே மெத்தையின்மேல் விரல் தடிமனுக்கு ஒரு ஃபோம். அதற்கு உறை தைத்துக் கொடுப்பது என் அக்கா. கடையின் பின்பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்து, இவர் அளப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டே தைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு, சாவி அத்தானிடம். மதியம் கிடங்கில், பிளாஸ்டிக் போர்த்தி அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே, நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம். நடுவர் கதை சொல்லிக்கொண்டே வந்து, “முன்னால ஆறு, பாலம் இல்ல, என்ன செய்றீங்க?” என்பார். நாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். தப்பிப் பிழைத்து வர வர பாத்திரத்துக்கு லெவல் ஏறும். இருபதுதான் உச்சம். இருபத்தொன்று என்று ஒன்று அந்த ஆட்டத்தின் புத்தகத்தில் கிடையாது.

நடுவர், பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். “இது தெரியுதா, இது தெரியுதா” என்று கேட்டுக் கேட்டே பொறுமை வந்த மனிதர். மெத்தைக் கடையின் டெலிவரி வண்டி டிரைவர்தான் வாள்வீரன். நான் திருடி, பூட்டுத் திறப்பது என் வேலை. அக்கா வைத்தியச்சி. அத்தான் மந்திரவாதி, வேறு என்னவாக இருப்பார்? “உக்காந்த எடத்துலேர்ந்தே வேலை நடக்கும்” என்று அவரே காரணம் சொன்னார். மெத்தைமேல் விழுந்த பகடை செல்லாது என்பது எங்கள் கிடங்கின் விதி. அத்தானுக்கு நல்ல எண் விழுந்தால் மட்டும் அது செல்லும்.

ஆரம்பத்தில் அந்த மந்திரவாதி பூனை கீறினால் செத்துப்போகிற ஜென்மம். டிரைவரின் வாள்வீரன் முன்னால் நின்று அடி வாங்குவான். அக்காவின் வைத்தியச்சியிடம் ஒரு கவசம் உண்டு, ஆபத்து நேரத்தில் யாராவது ஒருவர்மேல் போடலாம். அத்தனை வருஷமும் அது அத்தான்மேல்தான் விழுந்தது. யார்மேல் என்று கேட்பதையே நடுவர் விட்டுவிட்டார். அத்தானுக்கு அது நன்றி சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

என் திருடி இடுப்பில் எப்போதும் ஒரு விளக்கு தொங்கும். அதுவும் அவருக்கு உறுத்தியது. வெளிச்சம் போடும் சின்ன மந்திரம் அவருக்கு முதல் லெவலிலிருந்தே தெரியும். “நான் இருக்கும்போது விளக்கு எதுக்கு கொழுந்தியா? சுமை. தூக்கிப் போடு” என்று ஒரு பாலத்தின்மேல் நிற்கும்போது ஆற்றில் போட வைத்தார். மற்றவர்களும் போட்டார்கள். சனியன் விட்டது என்று நானும்தான் போட்டேன்.

ஒரு வழியாக எல்லாரும் இருபதைத் தொட்டோம். “இதோட கதைய முடிச்சிக்கலாம். அவங்கவங்க பாத்திரம் மிச்ச வாழ்க்கைய எப்படிக் கழிக்குதுன்னு சொல்லுங்க, புதுசா ஆரம்பிக்கலாம்” என்றார் நடுவர். அக்காவின் முகம் மலர்ந்தது. ஆற்றோரம் ஒரு வீடு, வழிப்போக்கர்கள் காயத்தோடு வந்தால் படுக்க நாலு கட்டில், பின்னால் மூலிகைத் தோட்டம் என்று அவள் ரொம்ப நாளாகவே யோசித்து வைத்திருந்தாள். கட்டிலுக்கு என்ன மெத்தை என்பதுவரை முடிவு செய்திருந்தாள்.

அத்தானுக்கு முடிப்பதாவது. “உங்களுக்கு இருபது போதும். எனக்கு எதுக்கு உச்சவரம்பு?” என்று ஆரம்பித்தார். புத்தகத்தில் இல்லையே என்றார் நடுவர். “புத்தகம் எழுதுனவனும் மனுஷன்தானே, நாம எழுதுவோம்” என்று அங்கேயே விதி போட்டார். வாள்வீரனுக்கு இருபதுக்குமேல் ஒன்றும் கிடையாது. திருடிக்கு? பேச்சே இல்லை. வைத்தியச்சி இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். மந்திரவாதி மட்டும் ஏறலாம்.

நடுவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் தெரிஞ்ச மந்திரம் ஒண்ணை விட்டுடணும். திரும்ப வேணும்னா ஒரு லெவல் எறங்குங்க, கடைசியா விட்டது மொதல்ல வரும்.”

“எறங்குறவன் பார்த்துக்கட்டும்” என்று அத்தான் சிரித்தார்.

இருபத்தொன்றுக்கு அவர் விட்டது அந்த வெளிச்ச மந்திரம். “சின்னப் புள்ளைங்க வெளையாடுறது” என்றார். அப்புறம் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் மந்திரம், உடைந்ததை ஒட்டும் மந்திரம், உயரத்திலிருந்து மெதுவாக இறங்கும் மந்திரம், கடைசியாக மிருகங்களோடு பேசுவது. ஒன்றொன்றையும் காலில் ஒட்டிய சேற்றை உதறுகிற மாதிரி உதறினார். பதிலுக்கு மலையைப் பிளப்பது, கடலைக் கொதிக்க வைப்பது, வானத்து நட்சத்திரத்தைக் கீழே இழுத்துப் போடுவது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான். நாங்கள் மூவரும் அதே இருபதில் உட்கார்ந்து, அவர் நட்சத்திரம் இழுப்பதைப் பார்த்துக் கை தட்ட வேண்டும். அக்காவின் ஆற்றோர வீடு அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போனது.

இருபத்தைந்தை அவர் தொட்ட பிறகு வந்த ஞாயிறு அது. ஒரு மலைக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய தானியக் களஞ்சியத்துக்குள் இறங்கினோம். அதன் சுவர்களுக்குள்ளிருந்து மந்திரத்தால் மறைந்து வெளியேற முடியாது என்பது முன்பே தெரியும். “அதெல்லாம் சாதாரண ஆளுக்கு” என்று அத்தான் முன்னால் நடந்தார். உள்ளே போனதும் பின்னால் கல் கதவு மூடிக்கொண்டது. வாசலிலிருந்து வந்துகொண்டிருந்த வெளிச்சம் போய்விட்டது.

“கும்மிருட்டு. காத்து கொஞ்சம்தான் இருக்கு. என்ன செய்றீங்க?” என்றார் நடுவர்.

டிரைவர் கதவை வெட்டிப் பார்த்தார், வாள்தான் மழுங்கியது. “பூட்டு இருக்கா?” என்று நான் கேட்டேன். இருந்தது. தடவித் தடவித் திறக்கப் பார்த்தேன், பகடை காலை வாரியது, பூட்டுத் திறக்கும் கம்பி உடைந்தது. மிச்சம் ஒரே கம்பி.

“வெளிச்சம் இருந்தா கண்டிப்பா தொறந்துடுவீங்க” என்று நடுவர் சொன்னார்.

எல்லாரும் அத்தானைப் பார்த்தோம். அவர் தன் மந்திரங்களை மனசுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. வெளிச்சம் இல்லை. உடைந்த கம்பியை ஒட்டக்கூட வழியில்லை. “தீ மூட்டுறேன்” என்றார். மூட்டினால் இருக்கிற காற்றும் போய்விடும் என்றார் நடுவர். கடலைக் கொதிக்க வைக்கலாம்தான், பக்கத்தில் கடல் இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, எதற்கு அடக்க வேண்டும்?

“எறங்கிடுங்க” என்று அக்கா சொன்னாள். “அஞ்சு லெவல்தானே. வெளிச்சம் வந்துடும், இவ தொறந்துடுவா, எல்லாரும் வெளிய போயிடலாம்.”

“அஞ்சு லெவல்தானேவா? நான் என்ன பாடுபட்டு ஏறினேன் தெரியுமா?”

“தெரியும். நானும் பக்கத்துலதானே இருந்தேன்.”

“நட்சத்திரத்த இழுக்கிறேன். மேல்கூரை பொளந்துடும்.”

“அண்ணே, அது நம்ம தலைமேலதானே விழும்” என்றார் டிரைவர் பரிதாபமாக.

“பொழைக்கிறவன் பொழைக்கட்டும்.”

அக்கா அவரையே பார்த்தாள். “எனக்கு அந்த ஆத்தோர வீடு வேணுங்க. என் வைத்தியச்சி இங்க சாகக் கூடாது.” அவள் குரல் உடைந்திருந்தது. ஆட்டத்துக்காக அழுவார்களா என்று கேட்காதீர்கள். அத்தனை வருஷம் அந்த வைத்தியச்சி அடுத்தவர் காயத்துக்கு மட்டும் கட்டுப் போட்டவள். தனக்கென்று ஒரே ஒரு வீடு கேட்டாள்.

“ஒன் வைத்தியச்சி வீடு கட்டி என்னத்தக் கிழிக்கப்போறா?” என்றார் அத்தான். “நான் இருபத்தஞ்சு. எறங்க மாட்டேன். நடுவரே, இழுக்கிறேன்னு போட்டுக்குங்க.”

அந்த ஆள் அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு கேவலமாகத் தெரிந்தார். ஒன்றுமில்லாத ஒரு எண்ணுக்காகக் கட்டிய மனைவியை அழவிட்டுவிட்டுப் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

நடுவர் அவரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். “கவசம் யார்மேலம்மா?”

“என்மேலயே.”

அத்தான் சிரித்தார். “போட்டுக்கோ போட்டுக்கோ. இருபத்தஞ்சுக்கு எதுக்குக் கவசம்?”

நட்சத்திரம் விழுந்தது. கூரை பிளந்தது. டிரைவரின் வாள்வீரன் செத்தான், என் திருடி செத்தாள். தப்பிக்க அத்தான் போட்ட பகடை மெத்தைமேல் போய் விழுந்தது, நல்ல எண்தான். எடுக்கப் போனார். “மெத்தைமேல விழுந்தது செல்லாது” என்றேன். இன்னொரு தரம் போட்டார், சின்ன எண் விழுந்தது. மந்திரவாதி உடம்பு முதல் லெவலில் இருந்த அதே நோஞ்சான் உடம்புதான், அதற்கு ஒரு லெவலும் ஏறியிருக்கவில்லை. அவரும் செத்தார்.

புகை அடங்கியபோது வெயிலில் வைத்தியச்சி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பிரார்த்தனை உண்டு. செத்தவர்களில் ஒருவரை எழுப்பலாம். ஒருவரை மட்டும். இதுவரைக்கும் அவளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டி வந்ததில்லை.

அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே அத்தான் ஆரம்பித்துவிட்டார். “நான் மெதுவா எழுந்திருக்கிறேன். அங்கியிலே ஒட்டுன தூசியத் தட்டிவிட்டுட்டு...”

“நீங்க எங்க எழுந்திருக்கிறீங்க? படுங்க” என்றாள் அக்கா. பிறகு நடுவரிடம், “திருடிய எழுப்புறேன்” என்றாள்.

“என்ன வெளையாடுறியா?” என்றார் அத்தான். “நான் இருக்கும்போது இவளையா?”

“என் பிரார்த்தனை இருபது வரைக்கும்தான் எட்டும். நீங்க அதுக்கும் மேல போயிட்டீங்க.”

“அப்படி ஒரு ரூலே கெடையாது!”

“இல்லதான்” என்றாள் அக்கா. “இப்ப நான் போட்டேன்.”

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், “சரி” என்றார். டிரைவர் தன் பிணத்தை மறந்து கை தட்டினார். அத்தான் எழுந்து போய், கடையிலிருக்கும் உசத்தி மெத்தைமேல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறை மொரமொரவென்றது. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. அக்கா தன் ஆற்றோர வீட்டைச் சொல்லி முடித்தாள், கட்டில் கட்டிலாக. வாசலில் என் திருடி காவலுக்கு இருக்கிறாள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

அத்தான் திருந்தினார் என்று நினைத்தால் உங்களைப் போல அப்பாவி இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள். போன வாரம் அக்காவைப் பார்க்கக் கடைக்குப் போயிருந்தேன். மெத்தை வாங்க வந்த ஒருவரும் இதே ஆட்டம் ஆடுகிறவராம், பேச்சுவாக்கில் தெரிந்துவிட்டது. அத்தான் குரலைத் தாழ்த்தினார்.

“இருபதோட முடிஞ்சிடும்னு எல்லாரும் நெனைப்பாங்க சார். நான் இருபத்தஞ்சு.”

“அப்படியா!” என்றார் வந்தவர், வாயைப் பிளந்து.

“செத்ததையும் சேத்துச் சொல்லுங்க” என்று பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. மெஷின் நிற்கவில்லை.

அத்தான் மெத்தையை ஒரு தரம் அழுத்திக் காட்டினார். வந்தவர் சாதாரண மெத்தையையே கட்டச் சொல்லிவிட்டுப் பில் போடப் போனார்.