சித்தியின் காதும் மாமாவின் வாக்மேனும்

எங்கள் சித்திக்குக் காது செவிடு என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பி, சிறுவயதில் ஒரு மழைக்காலம் முழுவதும் சோறு இறங்காமல் கிடந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் மாமா. அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். தாத்தா போன பிறகு இருவருக்கும் புத்தூரில் எங்கள் வீடுதான் வீடு. மாமா குவைத்தில் ஒருவர் வீட்டில் கார் ஓட்டிவிட்டு வந்தவர், வரும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வாக்மேன் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு ஏதாவது ஒரு ஏஜென்சி எடுத்து முன்னுக்கு வந்துவிடத் துடித்த காலம் அது. மாமாவுக்கு அந்தத் துடிப்பு கொஞ்சம் அதிகம்.

முதலில் திருப்பதியில் காலேஜ் பையன்களிடம் விற்றுப் பார்த்தார். அவர்கள் காதில் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, பிரமாதம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மாமா, ஒருநாள் சாப்பாட்டு நடுவில் அம்மாவிடம் சொன்னார்:

“பசங்க கேப்பானுங்க, வாங்க மாட்டானுங்கக்கா. பொம்பளைங்களும் வயசானவங்களும்தான் இத வாங்கணும்.”

“அவங்க எங்கடா பாட்டு கேக்கறாங்க?”

“கேக்க வுட்டாத்தான? நம்ம வூட்டு ரேடியோவ நீ என்னிக்காவது உன் இஷ்டத்துக்குத் திருப்பிக்கினியா?”

அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாளே பழைய பட்டுப்புடவை ஒன்றைக் கிழித்து, ஜரிகை வெளியே தெரியும்படி சின்னச் சின்னப் பைகள் தைக்க ஆரம்பித்தாள். வாக்மேனை அதில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். பித்தானில் இருக்கும் ஆங்கிலம் பெரியவர்களுக்குப் புரியாது என்று, பாட வைக்கும் பித்தானுக்குச் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள் சித்தி. சிவப்பை அமுக்கினால் சாமி பாட்டு. இதைவிடச் சுலபமாக யாராலும் விற்க முடியாது என்று மாமா பூரித்துப்போனார்.

விற்கும் இடம் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி. மலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் கற்பூரம் கொளுத்திக் கும்பிடும் முதல் படிக்குப் பக்கத்தில், மாமா ஒரு துப்பட்டியை விரித்து, “ரண்டம்மா ரண்டி! தேவுடி பாட்ட மீ செவிலோ!” என்று தெலுங்கில் கூவுவார். சாமி பாட்டு உங்கள் காதிலேயே ஒலிக்கும்போது முட்டிவலி தெரியாது என்பது அவர் கட்சி. சிக்கல்களும் இல்லாமல் இல்லை. தலைமேல் மாட்டும் ஹெட்போன் வளையம் பூவை நசுக்குகிறது என்று பெண்கள் சிணுங்கினார்கள். மொட்டை போட்டு இறங்கி வந்தவர்கள் மாட்டிப் பார்த்தால் வளையமெல்லாம் சந்தனம். ஒரு பெரியவர் காதில் பாட்டு ஓடும்போதே நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி “கோவிந்தா!” என்று கத்தி, தான் கத்தியது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்தில் வரவேண்டுமென்றால் ஒரு பெண் போட்டுக் காட்டவேண்டும். அதனால் சித்தி ஜரிகைப் பையும் வளையமுமாகப் படியோரம் உட்கார்ந்து, தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருப்பாள். கல்யாணமாகாத பெண்ணைக் கடைவீதியில் தனியாக உட்கார வைக்கக்கூடாது என்று என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். பேட்டரி வீணாகக்கூடாது என்பது மாமாவின் சட்டம். ஆள் வந்து கேட்டால்தான் பேட்டரி போடவேண்டும், மற்ற நேரம் அது என் பாவாடை முடிச்சில் இருக்கும். சித்தி ஆட்டிய தலையெல்லாம் பாடாத பாட்டுக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் நகரியிலிருந்து சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை குவைத்தில். கல்யாணத்துக்கு வந்து, லீவு முடிந்ததும் போய்விடுவார். சித்தி நகரியிலேயே இருந்து மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை அங்கிருந்து மலிவாக வாக்மேன் அனுப்பிக்கொண்டே இருப்பார் என்ற நினைப்பில் மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. சித்தி அம்மாவிடம் ஒரே ஒருமுறை சொன்னாள்:

“போட்டோவக் கட்டிக்கினு அவங்க மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கு நான் எதுக்கு?”

“வாய மூடு. நல்ல எடம்” என்றாள் அம்மா. அதற்குப்பிறகு சித்தி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒருநாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா உறவுக்காரர்களோடு மலைக்குப் போக அலிபிரிக்கு வந்துவிட்டாள். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். நகரிக்காரம்மா எங்கள் பின்னால் வந்து நின்று, “ஏம்மா பொண்ணு! என்னத் தெரிதா?” என்றாள். சித்தி திரும்பவில்லை. அந்த அம்மாள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். சித்தி எதிரே இருந்த மலையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் கண் காதை மூடியிருந்த வளையத்திலும் அதிலிருந்து இறங்கிய வயரிலும் நிலைத்தது. விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

நான் பாவாடை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். பேட்டரி என் முடிச்சில் இருக்கிறது. பாட்டு ஓடவில்லை. ஆகவே சித்திக்குக் காது கேட்கவில்லை.

மறுநாளே தரகர் வந்து, பொண்ணு காது மெஷின் வைத்துக்கொண்டிருக்கிறதாமே என்று இழுத்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்து வாக்மேனை எடுத்துக் காட்டினார். இதைக் காட்டி அதை மறைக்கிறார்கள் என்று நகரியிலிருந்து பதில் வந்தது. நான் என் பங்குக்குச் சித்தியைச் சோதித்துப் பார்த்தேன். முறுக்கு என்று முணுமுணுத்தால் திரும்பினாள். நகரி என்று யாராவது கத்தினாலும் திரும்பவில்லை. இப்படி விட்டு விட்டுக் கேட்பது முழுச்செவிடாவதற்கு முந்தின கட்டம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மாவிடம் சொல்லப்போய் முதுகில் ஒன்று வாங்கினேன்.

கடைசியில் நகரிக்காரர்கள் ஒரே வார்த்தையாகக் கேட்டார்கள்: காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்யுங்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட்டு இல்லை. குளத்தில் முழுகி, ஈரத்தோடு பிள்ளையார் முன்னால் பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட சேதி. மாமா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். எனக்கோ பஸ்ஸில் ஏறியதிலிருந்து, மாமா பொய்ச் சத்தியம் செய்யப்போகிறார் என்ற பயம். குளத்தங்கரையில் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, “வேணாம் மாமா, சத்தியம் வேணாம்” என்று அழுதேன். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று நினைத்து என் கன்னத்தைத் தட்டிவிட்டு முழுகினார்.

“என் தங்கச்சிக்குக் காது நல்லா கேக்குது. பொய்யா இருந்தா என் கண்ணு அவிஞ்சி போவட்டும்” என்று கணீரென்று சொன்னார். நகரிக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் ஒரு முழம் கதம்பம் வாங்கி, குளத்தைப் பார்த்து நின்ற சித்தியின் பின்னால் போய், “இந்தாம்மா, பூ வச்சிக்க” என்று அன்பாகக் கூப்பிட்டாள்.

சித்தி திரும்பவில்லை. காதில் வளையமும் இல்லை, வயரும் இல்லை. அந்த அம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள். மாமாவே “ஏய், அத்தை கூப்புடறாங்க பாரு!” என்று அலறினார். சித்தி குளத்து மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நகரிக்காரம்மா பூவைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினாள். மாமா முகத்தில் ஈயாடவில்லை. தான் பொய்ச் சத்தியம் செய்துவிட்டோமோ என்று அவருக்கே கிலி பிடித்துவிட்டது.

திரும்பும்போது மாமா பஸ்ஸின் முன்பக்கம் நின்று அடிக்கடி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது. சித்திக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் இரைச்சலில் எனக்கே கேட்காத குரலில், பிள்ளையாரப்பா மாமா கண்ணை எடுத்துக்காதே, சித்திக்குக் காதைக் கொடு என்று வேண்டிக்கொண்டே அழுதேன்.

சித்தி திரும்பாமலே சொன்னாள்: “அழாதடி. மாமா கண்ணுக்கு ஒண்ணியும் ஆவாது.”

என் உடம்பெல்லாம் புல்லரித்தது. கேட்டுவிட்டார் பிள்ளையார்! சீட்டின்மேல் ஏறி நின்று “மாமா!” என்று கத்த வாயெடுத்தேன். சித்தியின் கை என் வாயைப் பொத்தியது. இன்னொரு கை தொடையில் நறுக்கென்று கிள்ளியது. “யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது. உங்க அம்மாகிட்ட கூட” என்றாள். முன்பக்கம் மாமா திரும்பிப் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

வரத்தை வெளியே சொன்னால் போய்விடும் என்பதால்தான் என்று புரிந்துகொண்டேன். சம்பந்தம் முறிந்து, மாமாவின் சரக்கும் தீர்ந்து, சித்தி திருப்பதியில் ஒரு கேசட் கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தேன். தெருவில் யாராவது “உங்க சித்திக்குக் காது கேக்காதாமே?” என்று கேட்டால், “ஆமா, கொஞ்சம் மந்தம்” என்பேன். ஒருநாள் அதை உள்ளே இருந்து கேட்டுவிட்ட சித்தி ஓடிவந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்போது அவள் எதற்கு அழுதாள் என்று எனக்கு விளங்கவில்லை. சாமி கொடுத்த காதை நான் பத்திரமாகக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன்.